ஈப்போ உயர்நீதிமன்றம்: பேராக்கில் இருக்கிறது, பேராக்குடையது அல்ல

'பேராக் உயர்நீதிமன்றம்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். சட்டப்படி அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 121ஆவது பிரிவு நாட்டுக்கு இரண்டே உயர்நீதிமன்றங்களை வகுத்திருக்கிறது. தீபகற்பத்துக்கு மலாயா உயர்நீதிமன்றம். கடலுக்கு அப்பால் சபா, சரவாக் உயர்நீதிமன்றம். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இருப்பவை மலாயா உயர்நீதிமன்றத்தின் அமர்விடங்கள். பேராக் மந்திரி பெசார் யார் என்று 2009இல் எழுந்த வழக்கு, ஈப்போவில் அல்லாமல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

மாநிலத்துக்கே சொந்தமான நீதிமன்றம் ஒன்று உண்டென்றால் அது ஷரியா நீதிமன்றம்தான். இஸ்லாமியச் சமய விவகாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் வருவதால் அந்த நீதிமன்றத்தை மாநிலச் சட்டம் அமைக்கிறது. முஸ்லிம்கள் மீது மட்டுமே அதற்கு அதிகாரம் உண்டு.

எந்த வழக்கு எங்கே?

பண விவகாரம் 1,00,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அதற்கு மேல் உயர்நீதிமன்றம். சாலை விபத்து இழப்பீடு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸுக்கே போகும். குற்ற வழக்கில், மரண தண்டனைக்கு வழியுள்ள கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்றவை உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். கீழ் நீதிமன்றங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளும் இங்கே வரும்.

இதைக் கேட்டால் உயர்நீதிமன்றம் பணக்காரருக்கும் கொலைகாரருக்கும் மட்டுமே என்று தோன்றலாம். நடப்பு வேறு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் அல்லாதார் மணவிலக்குக் கேட்டுப் போக வேண்டிய நீதிமன்றம் இதுதான். வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்தால், சமரசம் எட்டாத வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். அதன் தீர்ப்பு பிடிக்காதவர் ஏறும் அடுத்த படி உயர்நீதிமன்றம். சம்பள பாக்கி குறித்துத் தொழிலாளர் இலாகா தரும் முடிவுக்கும் மேல்முறையீடு இங்கேதான். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமலே வளர்ந்து, நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நிற்பவரும் தம்மைக் குடிமகன் என அறிவிக்கக் கோரி இந்த வாசலைத்தான் தட்ட வேண்டும்.

நீதிபதி யார்?

பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்த பின் மாமன்னர் நீதிபதிகளை நியமிக்கிறார். 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நீதித்துறை நியமன ஆணையம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. நீதித்துறை ஆணையர் என்று குறுகிய காலத்துக்கு நியமிக்கப்படுபவருக்கும் நீதிபதியின் அதிகாரம் உண்டு. ஜூரி முறை 1995இல் ஒழிந்துவிட்டதால் கொலை வழக்கிலும் முடிவு சொல்பவர் ஒரே நீதிபதிதான். நீதிமன்ற மொழி மலாய். அது சரியாக வராதவர் தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் உதவுவார்.

பேராக் மண்ணிலிருந்தும் அப்படி ஒரு நீதிபதி வந்தார்: பத்து காஜாவில் பிறந்த ராஜா அஸ்லான் ஷா 1965இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1982இல் நாட்டின் நீதித்துறைக்கே தலைவராகி, 1984இல் பேராக் சுல்தானாக அரியணை ஏறியவர்.

ஈப்போ சொன்ன இரண்டு தீர்ப்புகள்

உயர்நீதிமன்றத்தின் பெரிய அதிகாரம், அரசு அமைப்புகளின் முடிவு சட்டப்படியானதா என்று மறுசீராய்வு செய்வது. ஈப்போவில் ஆசிரியையாக இருந்த இந்திரா காந்தியின் வழக்கு அதற்குச் சான்று. கணவர் 2009இல் இஸ்லாத்துக்கு மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமின்றி மதம் மாற்றினார். அந்த மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாதென 2013 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதைக் கவிழ்த்தது. கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தாயின் பக்கம் நின்றது: சிறாரை மதம் மாற்ற இரு பெற்றோர் சம்மதமும் தேவை, அரசு அமைப்பின் செயலைச் சீராய்வு செய்யும் சிவில் நீதிமன்ற அதிகாரத்தைப் பறிக்க முடியாது. ஆனால் தந்தை கொண்டுபோன கடைக்குட்டி, அந்தத் தீர்ப்பு வந்து ஆண்டுகள் கடந்தும் தாயிடம் சேரவில்லை.

புக்கிட் மேரா என்னும் ஊரின் வழக்கில் கதை தலைகீழ். ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றம் வந்தார்கள். அந்த ஆண்டே இடைக்காலத் தடை கிடைத்தது. 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லி நீதிபதி பே சுவீ சின் தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் அப்போதைய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் வென்ற நிறுவனம் 1994இல் தானாகவே ஆலையை மூடியது.

ஒன்றில் வென்றவருக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. மற்றொன்றில் தோற்றவர்களுக்கு ஆலை மூடப்பட்டது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு கடைசி வார்த்தை அல்ல. மேலே இரண்டு படிகள் உள்ளன. உத்தரவைச் செயல்படுத்தப் போலீசும் இலாகாக்களும் வேண்டும். இருந்தாலும் சாதாரண மனிதர் அரசையும் பெரிய நிறுவனத்தையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிற முதல் இடம் இதுதான்.

கேட்க நினைப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. அரசு முடிவை எதிர்த்து நீதிச் சீராய்வு கோர, அந்த முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதமே அவகாசம். இலாகாவிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டாமல், அதே வாரம் வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்லுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ விசாரிக்கலாம்.