ஜெயிக்கும் குதிரை வேறு, லாபக் குதிரை வேறு

தியாகதுருகம் மார்க்கெட் கமிட்டியில் மக்காச்சோளமும் மணிலாவும் குவிந்து கிடக்கும் நாளில் வியாபாரிகளைக் கவனித்துப் பாருங்கள். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார்கள். ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, பருப்பு திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறைமுக ஏலம் என்பதால் ஒருவர் குறிக்கும் விலை அடுத்தவருக்குத் தெரியாது. முதல் தரச் சரக்கை எடுத்தவர்தான் கெட்டிக்காரர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நல்ல சரக்கை அதிக விலைக்கு எடுத்தால் கை கடிக்கும். சுமாரான சரக்கு மலிவாக விழுந்தால் லாபம்.

அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிண்டியில், 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்த வரலாறு கொண்ட திடலில், பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றே: ‘எந்தக் குதிரை ஜெயிக்கும்?’ கணிதம் தெரிந்தவர்கள் கேட்பது வேறு: ‘இந்தக் குதிரை இந்த விலைக்குத் தகுமா?’ இரண்டு கேள்விகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நிகழ்தகவுக் கணிதத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பல பத்தாண்டுகளாகத் தீனி போட்டிருக்கிறது. சட்டத்துக்கும்தான்.

1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்பது அரசின் வாதம். கிண்டியில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, அது லாட்டரி போன்ற வெறும் அதிர்ஷ்டம் அன்று. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம் என எல்லாவற்றையும் எடைபோட முடியும் என்பது அதன் அடிப்படை. அறிவியல் அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகிறது. ஆனால் திறமை இருந்தால் லாபம் வரும் என்று அறிவியல் சொல்லவில்லை.

விலைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒரு குதிரைக்கு ‘த்ரீ டு ஒன்’ என்கிறார். ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் மூன்று ரூபாய் லாபம், கட்டிய ஒரு ரூபாயும் திரும்ப வரும். நான்கு முறை கட்டி ஒரு முறை ஜெயித்தால் போட்டதும் எடுத்ததும் சரியாகும். அப்படியானால் ‘த்ரீ டு ஒன்’ என்பது 25 சதவீத வாய்ப்பு என்பதன் மறுபெயர். அந்தக் குதிரையின் உண்மையான வாய்ப்பு 30 சதவீதம் என்றால் அது மலிவுச் சரக்கு. 20 சதவீதம்தான் என்றால், அது ஜெயித்தாலும்கூட நீங்கள் கட்டியது தப்பான பந்தயம்.

ஐந்து குதிரைகள் ஓடும் ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள் முறையே ஆறுக்கு நான்கு, இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. இவற்றைச் சதவீதமாக்கினால் 40, 33.3, 20, 16.7, 10. கூட்டினால் 120 வருகிறது. ஐந்தில் ஒன்றுதான் ஜெயிக்கும் என்பதால் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டவே கூடாது. மிச்சமுள்ள 20 தான் புக்கியின் பிழைப்பு. எல்லாக் குதிரைகளின் மீதும் அந்த விகிதத்திலேயே பணம் விழுந்தால், 120 ரூபாய் வசூலித்து 100 ரூபாயைக் கொடுப்பார். எது ஜெயித்தாலும் அவருக்குக் கவலையில்லை.

புக்கி இல்லாமலும் பணம் கட்டலாம். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் எல்லோர் பணத்தையும் ஒரே உண்டியலில் சேர்த்து, நடத்துபவர் எடுக்கும் கழிவு போக மீதியை ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறையைக் கொண்டுவந்தார். பின்னாளில் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கைத் தொடங்கியதும் இவர்தான். ரேஸ்காரர்கள் ‘டோட்’ என்று சொல்வது இந்த முறையை. ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகளை உடனுக்குடன் கூட்டிக் காட்டும் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் வடிவமைத்தார். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள எல்லர்ஸ்லி திடலில் அது நிறுவப்பட்டது. கம்பிகளும் கப்பிகளும் இரும்பு எடைக்கட்டிகளுமாக ஓர் அறை நிறைய நின்ற அந்த இயந்திரம், முதலில் தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காக ஜூலியஸ் யோசித்தது!

வாக்கு எண்ணும் இயந்திரம் பந்தயத்துக்குப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. டோட் என்பதும் ஒரு தேர்தல்தான். வாக்குக்குப் பதில் ரூபாய். உண்டியலில் 10 லட்சம் சேர்ந்து, அதில் 2 லட்சம் ஒரு குதிரை மேல் விழுந்தால், அதற்கு 20 சதவீத வாய்ப்பு என்று கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று பொருள். கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மீதி 8 லட்சம். ஜெயித்தால் ரூபாய்க்கு நான்கு ரூபாய் கிடைக்கும். போட்டதை எடுக்கவே 25 சதவீத வாய்ப்பு வேண்டும். அதாவது, கூட்டத்தைவிட நீங்கள் சரியாகக் கணித்தால் மட்டும் போதாது. கழிவையும் தாண்டுகிற அளவுக்குச் சரியாகக் கணிக்க வேண்டும்.

கூட்டம் எங்கே தடுமாறுகிறது?

கூட்டம் முட்டாள் இல்லை. கூட்டம் 20 சதவீத வாய்ப்பு தரும் குதிரைகள் ஏறத்தாழ அந்த விகிதத்தில்தான் ஜெயிக்கின்றன. அதிகப் பணம் விழுந்த ‘பேவரிட்’ ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தில் முதலில் வருகிறது. இத்தனைக்கும் ஹேண்டிகேப் பந்தயங்களில், எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதற்காகவே சிறந்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள். ஜாக்கி தன் சேணத்தோடு தராசில் ஏறி நிற்பார். எடை குறைந்தால் சேணத்தின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு. கணிப்பைக் கடினமாக்குவதற்கென்றே செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டையும் மீறித்தான் கூட்டம் ஓரளவு சரியாகக் கணிக்கிறது.

ஆனாலும் கூட்டத்துக்கு ஒரு பழைய வியாதி உண்டு. 1949இல் அமெரிக்க உளவியலாளர் கிரிஃபித் பந்தய முடிவுகளை அலசியபோது, ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள்மேல் தகுதிக்கு மீறிய பணம் விழுவதையும், பேவரிட்டுகள்மேல் தகுதிக்குக் குறைவாக விழுவதையும் கண்டார். நூறு மடங்கு லாபம் என்ற ஆசை, நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பை மனத்தில் பெரிதாக்கிக் காட்டுகிறது. மிகச் சிறிய நிகழ்தகவுகளை மனிதர்கள் ஊதிப் பெருக்குவார்கள் என்று 1979இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதியதும் இதையே. இந்த வியாதி எல்லா ஊரிலும் இல்லை. ஹாங்காங் பந்தயங்களில் அதன் தடயம் தென்படவில்லை என்று 1988இல் புஷே, ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் அந்தப் பிழையின் அளவு கழிவைவிடச் சிறியது. பேவரிட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் நட்டப்படுவது குறையும், லாபம் வராது.

கழிவையும் தாண்டியவர் பில் பெண்டர். சீட்டுகளை மனத்தில் எண்ணி ஆடியதால் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளால் விரட்டப்பட்ட அமெரிக்கர். ஆலன் வுட்ஸ் என்ற கூட்டாளியோடு 1980களின் நடுவில் ஹாங்காங் போனார். அங்கே இரண்டே திடல்கள். அதே குதிரைகள் திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று மோதுகின்றன. உண்டியலோ மிகப் பெரியது. புள்ளிவிவரத்துக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடைக்காது. ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டம், எடை, ஓய்வு நாட்கள், தூரம், ஜாக்கி எல்லாவற்றையும் எண்ணாக்கி வாய்ப்பைக் கணிக்கும் முறையை, 1986இல் ரூத் போல்டன், ராண்டால் சாப்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை ஒட்டி அவர் வளர்த்தெடுத்தார்.

1994இல் அவரே எழுதிய கட்டுரையில் சொல்லும் பாடம் கவனிக்கத்தக்கது. தன் கணினியின் கணிப்பு மட்டும் போதவில்லை. கூட்டத்தின் விலையையும் ஒரு தகவலாகக் கணிப்புக்குள் சேர்த்தபோதுதான் துல்லியம் கூடியது. காலைப் பயிற்சியில் குதிரை நொண்டியதைப் பார்த்தவர், லாயத்தில் வேலை செய்பவரிடமிருந்து ஒரு சொல் கேட்டவர் என எண்ணாக்க முடியாத பல செய்திகள் விலைக்குள் கரைந்திருக்கின்றன. கூட்டத்தை வென்ற மனிதர் கூட்டத்தை மதித்தவர்.

எவ்வளவு கட்டுவது?

மலிவான குதிரையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான்குக்கு ஒன்று விலை; உண்மை வாய்ப்பு 25 சதவீதம். சராசரியாக நூறு ரூபாய்க்கு 25 ரூபாய் லாபம் தரும் அருமையான பந்தயம். கையில் இருப்பது 1,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் பாதியைக் கட்டுகிறீர்கள். நான்கில் ஒன்று ஜெயித்து மூன்று தோற்றால் என்ன ஆகும்? ஜெயிக்கும்போது பணம் மும்மடங்காகும். தோற்கும் ஒவ்வொரு முறையும் பாதியாகும். 1,000 முதலில் 3,000 ஆகி, பிறகு 1,500, 750, 375. பந்தயம் சாதகம், ஆனாலும் பை காலி.

இதற்கு மருந்து சொன்னவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கெல்லி. ஆண்டு 1956. எதிர்பார்க்கும் லாப விகிதத்தை விலையால் வகுத்தால் வருவதே கட்ட வேண்டிய பங்கு. இங்கே 25 சதவீதத்தை நான்கால் வகுத்தால் 6.25 சதவீதம். அதே நான்கு பந்தயங்களில் இந்தக் கணக்குப்படி கட்டினால் 1,000 ரூபாய் சுமார் 1,030 ஆகும். பெண்டர் போன்றவர்கள் இந்தச் சூத்திரம் சொல்வதையும்விடக் குறைவாகவே கட்டினார்கள். உண்மை வாய்ப்பு என்று நாம் நினைப்பதே ஒரு கணிப்புதானே!

குதிரை ஓடுவதற்கு முன்பே லாபம்

2000இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் என்ற இணையப் பந்தயச் சந்தை இன்னொரு கதவைத் திறந்தது. அங்கே ஒரு குதிரை ஜெயிக்கும் என்றும் கட்டலாம், ஜெயிக்காது என்றும் அடுத்தவருக்கு விலை கொடுக்கலாம். ஐந்துக்கு ஒன்று விலையில் 100 ரூபாயை ஒருவர் ஜெயிக்கும் பக்கம் கட்டுகிறார். பணம் குவிந்து விலை மூன்றுக்கு ஒன்றாக இறங்குகிறது. இப்போது அதே குதிரை ஜெயிக்காது என்று 150 ரூபாய்க்கு எதிர்ப்பந்தயம் ஏற்கிறார். குதிரை ஜெயித்தால் வரவு 500, செலவு 450. தோற்றால் வரவு 150, செலவு 100. எப்படியும் 50 ரூபாய். பங்குச் சந்தை வியாபாரி செய்வதும் இதுவே. விலை எதிர்த்திசையில் போனால் இதே கணக்கு நட்டத்தைப் பூட்டும்.

இங்கே நிலைமை என்ன?

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து கிண்டி நிலத்துக்குச் சீல் வைத்தது. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே இல்லாமல், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்தது. திடலில் நடக்கும் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்டது. இது கிளப்பின் கமிஷன் மீது விழும் வரி இல்லை, கட்டும் முழுத்தொகை மீதும் விழுவது.

பழைய உதாரணத்தையே இந்த வரியோடு போட்டுப் பார்க்கலாம். கூட்டம் 20 சதவீதம் தரும் குதிரை, 20 சதவீதக் கழிவு, ரூபாய்க்கு நான்கு ரூபாய். 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரியும் சேர்த்துக் கையிலிருந்து போவது 140. ஜெயித்தால் வருவது 400. போட்டதை எடுக்க 35 சதவீத வாய்ப்பு வேண்டும். வரி இல்லாதபோது 25 போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பணத்தைக் கட்டி 20 என்று மதிப்பிட்ட ஒன்று உண்மையில் 35 ஆக இருக்க, அது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். அப்படியொரு பிழையை எப்போதாவது ஒருமுறை கூட்டம் செய்யலாம், வாராவாரம் செய்யாது.

1996 தீர்ப்பைக் காட்டி ‘இது திறமை விளையாட்டு’ என்று ஆசை காட்டுபவர்கள் சொல்லாமல் விடும் செய்தி இதுதான். திறமை உங்களுக்கு மட்டுமே இல்லை. எதிரே கட்டுகிறவர்களுக்கும் உண்டு. அவர்கள் எவ்வளவு திறமைசாலிகளோ அவ்வளவுக்கு விலை துல்லியமாகிறது, உங்களுக்கு மிஞ்சும் இடைவெளி சுருங்குகிறது. சுருங்கிய அந்த இடைவெளியிலிருந்துதான் கிளப்பும் அரசும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. யாராவது ‘டிப்ஸ்’ கொண்டுவந்தால் குதிரையின் பெயரைக் கேட்கும் முன் விலையைக் கேளுங்கள். பிறகு கழிவையும் வரியையும் போட்டு வகுத்துப் பாருங்கள். மார்க்கெட் கமிட்டிக்குப் போய்வரும் எந்த வியாபாரிக்கும் அந்தக் கணக்கு முடியும்போது விடை தெரிந்துவிடும்: இந்தச் சரக்கு வேண்டாம்.