நினைவகத்தின் காவல்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்து சிவகாசிக்குச் செல்வோர் அவ்வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் பலவற்றைக் காண்பர். அவற்றில் மருந்து கலக்கும் அறை வேறு. சரக்கைச் சேமிக்கும் அறை வேறு. சேமிப்பறையில் எவரும் தொழில் செய்தலாகாது என்பது விதி. கணினியின் நினைவகத்திற்கும் இத்தகைய விதியொன்று உண்டு.

நினைவகத்தின் ஒரு பகுதியில் கட்டளைகளும் மற்றொரு பகுதியில் தரவுகளும் தங்கும். முன்னாளில் பல கணினிகளில் இவற்றிடையே காவல் இல்லை. எனவே, தரவைப்போல் நுழைந்த தீய கட்டளை அங்கிருந்தே இயங்கிவிடும். 1988ஆம் ஆண்டு நவம்பரில் பரவிய மாரிஸ் புழு இவ்வழியையும் கையாண்டு, பல கணினிகளை முடக்கியது.

இதனைத் தடுக்க, தரவுப் பகுதியிலுள்ள எதுவும் இயங்கலாகாது என்னும் தடை செயலியிலேயே அமைக்கப்பெற்றது. 2004ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம், விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பில் அதற்கு இடமளித்தது. அப்பொழுது ஓர் இடர் தோன்றியது. நல்ல மென்பொருள்களுள்ளும் சில, ஓடும்பொழுதே புதிய கட்டளைகளை ஆக்கித் தரவுப் பகுதியில் வைத்து இயக்கி வந்தன. காவலுக்குக் கள்வனும் தொழிலாளியும் ஒன்றே. ஆதலால், தடைக்குட்பட்ட இடத்து அவையும் நின்றுபோயின.

காவலை முற்றிலும் நீக்குதல் சேமிப்பறையில் தீயை அனுமதிப்பதற்கு ஒப்பாகும். தேவைப்படும் மென்பொருளுக்கு மட்டும் விலக்களித்தல் தற்காலிகத் தீர்வு. இயக்க முறைமையிடம் உரிய பகுதிக்கு இசைவு பெற்று, அதன்பின் கட்டளையை இயக்குமாறு மென்பொருளைத் திருத்துதலே நிலையான தீர்வு. பழைய பழக்கம் பயனுடையதாயினும், பலரைக் காக்கும் விதிக்கு அது இணங்குதல் வேண்டும்.