கணக்கில் வராத அனுபவம்

அமெரிக்காவில் செவிலியர்களுக்கு இரு வகை உரிமங்கள் உண்டு. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் தேர்வெழுதி உரிமம் பெறுபவர் 'எல்.பி.என்.' எனப்படும் நடைமுறைச் செவிலியர். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இவரை 'எல்.வி.என்.' என்பர். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பயின்று வேறொரு தேர்வில் தேறுபவர் 'ஆர்.என்.' எனப்படும் பதிவு பெற்ற செவிலியர். நடைமுறைச் செவிலியராகப் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர், மேலும் படித்துப் பதிவு பெற்ற செவிலியராகிறார் என்று கொள்வோம். தீவிர சிகிச்சை, புற்றுநோய் போன்ற துறைகளின் சிறப்புச் சான்றிதழுக்கு அவர் விண்ணப்பிக்கும்போது பழைய அனுபவம் கணக்கில் சேருமா?

பெரும்பாலும் சேராது. தீவிர சிகிச்சைக்கான 'சி.சி.ஆர்.என்.' சான்றிதழுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 1,750 மணி நேரமோ, ஐந்து ஆண்டுகளில் 2,000 மணி நேரமோ நோயாளிகளை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் பதிவு பெற்ற செவிலியர் அல்லது அதற்கு மேற்பட்ட உரிமத்தின்கீழ் கழிந்ததாக இருத்தல் வேண்டும். புற்றுநோய்ச் செவிலியர் சான்றிதழும் பதிவு பெற்ற செவிலியராகப் பெற்ற அனுபவத்தையே கேட்கிறது.

இதை வெறும் பாகுபாடு என்று தள்ளிவிட முடியாது. தான் பெறும் சிகிச்சையின் தரத்தை நோயாளியால் எடைபோட இயலாது என்பதால்தான் மருத்துவத் துறையில் உரிமங்கள் தேவைப்படுகின்றன என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார். இரு செவிலியரும் ஒரே நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால், நோயாளியின் நிலையை முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதும் மாற்றுவதும் பதிவு பெற்ற செவிலியரின் பொறுப்பு. சான்றிதழ் அளப்பது படுக்கையருகே நின்ற நேரத்தை அல்ல, அங்கே சுமந்த பொறுப்பை.

ஆயினும், முழுவதையும் பூஜ்யமாக்குவது சரியென்று தோன்றவில்லை. நோயாளியின் முகமாற்றத்தைக் கண்டே ஆபத்தை உணரும் திறன் உரிமம் மாறிய நாளில் பிறப்பதன்று. ஆடம் ஸ்மித் 1776-லேயே நீண்ட தொழிற்பயிற்சிக் கட்டாயத்தைக் கண்டித்தார். போட்டியைக் குறைக்கும் வேலி என்றே அதை அவர் கருதினார். இங்கே தேர்வு என்ற சல்லடை ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

இழப்பு யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அண்மைக்கால அனுபவத்தையே விதி கேட்பதால், பத்தாண்டுக்கு முந்தைய பணி எந்த உரிமத்தின்கீழ் செய்யப்பட்டிருந்தாலும் உதவாது. உண்மையில் பாதிக்கப்படுபவர், அதே பிரிவில் அதே நோயாளிகளிடையே அண்மையில் உரிமம் மாறியவரே. அவருடைய நேரத்தில் ஒரு பகுதியையேனும் மேற்பார்வையாளரின் சான்றுடன் ஏற்கலாம் என்பது என் கருத்து.

நடைமுறைச் செவிலியருக்கு வழியே இல்லை என்பதும் தவறு. டயாலிசிஸ் துறையில் அவர்களுக்கெனவே தனிச் சான்றிதழ் உள்ளது. புண் பராமரிப்பிலும் அவர்கள் பெறத்தக்க சான்றிதழ் உண்டு. பதிவு பெற்ற செவிலியராவதற்கான இணைப்புப் படிப்புகள் முந்தைய பயிற்சிக்கு மதிப்பளித்துப் படிப்புக் காலத்தைக் குறைக்கின்றன. அங்குதான் பழைய உழைப்பு காலமாகவும் பணமாகவும் திரும்பி வருகிறது.

நம் நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று, ஆர்.என். தேர்வில் தேறும்வரை நடைமுறைச் செவிலியராகப் பணியாற்ற நினைப்போர், இரு உரிமங்களின்கீழ் செய்த பணி நேரத்தையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதிய விண்ணப்பம் தணிக்கையில் நிற்காது. ஊதியத்தை நிர்ணயிக்கும்போது அந்த ஆண்டுகளைச் சேர்ப்பதா என்பது அந்தந்த மருத்துவமனையின் முடிவு. பணியில் சேரும் முன்பே அதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது.