ஒரு கைதட்டல்... இரண்டு சத்தம்!

"தாத்தா, எனக்குத் தாளமே வரலை. நான் போட்டியில் கலந்துக்கலை!"

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளிப் பாட்டுப் போட்டிக்கு, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து, மறுநாள் கொடுக்க வேண்டும். மைக் முன் பாடினால், அவள் குரல் காதில் இரண்டு இரண்டாகக் கேட்டதாம். பின்னால் வரும் குரலுக்காகத் தயங்கித் தயங்கி, தாளம் தவறிவிட்டது.

"அழாதேம்மா... ஒரே ஒரு முறை கை தட்டு" என்றேன்.

தட்டினாள். ஹெட்போனில், "டப்... டப்" என இரண்டு சத்தம்! பதிவானதைப் போட்டுக் கேட்டால், ஒரே ஒரு "டப்" தான். அப்படியென்றால், அவள் பாட்டில் தவறில்லை. காதுக்கு வரும் வழியில்தான் தவறு!

அது என்ன வழி, குழந்தைகளே?

மைக்கில் பாடும் ஒலி, ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்து நேராக ஹெட்போனுக்கு வருவது, முதல் வழி. இதற்கு, "டைரக்ட் மானிட்டர்" என்று பெயர். அதே ஒலி கம்ப்யூட்டருக்குள் சென்று, பதிவு செய்யும் மென்பொருள் வழியாகத் திரும்பி வருவது, இரண்டாவது வழி. இரண்டும் திறந்திருந்தால், இரண்டு குரல் கேட்கும்!

இரண்டாவது குரல் ஏன் தாமதமாக வருகிறது?

கம்ப்யூட்டரில் ஒலி, பொதுவாக நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, எண்களாகப் பதிவாகிறது. இந்த எண்கள் ஒவ்வொன்றாகப் போகாது. வாளி நிறைந்ததும் தூக்குவது போல, மொத்தமாகத்தான் போகும். இந்த வாளிதான், "பஃபர்." 1,024 எண்கள் பிடிக்கும் வாளி நிறைய, ஒரு நொடியில் சுமார் 43ல் ஒரு பங்கு நேரம் ஆகும். உள்ளே போக ஒரு வாளி. வெளியே வர ஒரு வாளி. இந்த இரண்டுக்கும் ஆகும் நேரத்தில், காற்றில் ஒலி சுமார் 16 மீட்டர் போய்விடும். அவ்வளவு தூரத்தில் நின்று, ஒருவர் உங்களோடு சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? தாளம் தவறத்தானே செய்யும்!

சரி செய்வது எப்படி?

* பெட்டியில் டைரக்ட் மானிட்டர் இருந்தால், அதை மட்டும் வைத்துக்கொண்டு, மென்பொருளில் உங்கள் குரலுக்கான மானிட்டர் பொத்தானை அணையுங்கள்.

* அது இல்லாத பெட்டி என்றால், மென்பொருள் வழியிலேயே கேளுங்கள். பஃபரை 128 ஆகக் குறையுங்கள். "கரகர" என்று ஒலி விட்டுவிட்டுக் கேட்டால், ஒரு படி கூட்டுங்கள்.

* பாடும்போது ஸ்பீக்கர் வேண்டாம். அதன் ஒலி மைக்கில் புகுந்தால், பதிவிலேயே இரட்டைக் குரல் வந்துவிடும். ஹெட்போனிலும், சத்தத்தைக் குறைவாக வையுங்கள்.

ஒரே ஒரு பொத்தானை அணைத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேத்தி மறுபடியும் பாடினாள். இம்முறை, தாளம் தவறவே இல்லை!

பரிசு கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைக்கவில்லை. ஆனால், இப்போதெல்லாம் ஏதாவது தவறினால், "எனக்கு வராது" என்று அவள் சொல்வதில்லை. தவறு எங்கே இருக்கிறது என்று, முதலில் கை தட்டிப் பார்க்கிறாள்!