முதலில் நிற்கட்டும்

எங்கள் வீட்டு மாருதி 800-ஐப் பார்த்திராத சங்க உறுப்பினர்கள் குறைவு. பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து வருமே, அந்த வெள்ளை வண்டிதான். 1998-ல் வாங்கியது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., நாலே கியர். 1983 டிசம்பரில் தொடங்கிய மாருதி 800-இன் கதை 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றதோடு முடிந்தது. எங்கள் வண்டிக்கு மட்டும் அது தெரியாது, ஓடிக்கொண்டிருக்கிறது.

"ரிப்பேருக்கே பென்ஷன் போய்விடுமே சார்?" என்று கேட்கிறார்கள். போகவில்லை. ஆனால் இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் பெரிது.

2011 மே மாதம். மாதுங்காவில் உறவினர் கல்யாணம். புனேயிலிருந்து நானும் மனைவியும் மாமியாரும் புறப்பட்டோம். அந்த வருஷம்தான் வண்டிக்குப் புது சீட் கவரும், நல்ல ஸ்டீரியோவும் போட்டிருந்தேன். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி மெக்கானிக் இரண்டு முறை சொல்லியும், "பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது" என்று தள்ளிப் போட்டிருந்தேன். சிக்கனமாம்!

கண்டாலா மலை இறக்கம். கீழ் கியரில் போகாமல், பிரேக்கிலேயே காலை வைத்தபடி இறங்கினேன். பாதி வழியில் பெடல் பஞ்சுபோலத் தரைவரை அமுங்கியது. வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு லாரி. எப்படியோ இரண்டாவது, பிறகு முதல் கியருக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு இழுத்து, மலைப்பக்க மண்ணில் ஒதுக்கி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு மனைவி சொன்னாள்: "வண்டியும் நிக்கலை, உங்க பாட்டும் நிக்கலை."

அரை மணி கழித்துப் பெடல் பழையபடி கெட்டியானது. காரணம் பிறகுதான் புரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். நம் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் திட்டவில்லை. இங்கே தமிழர்கள் எல்லோரும் 'அண்ணா' தானே! "அண்ணா, ஆதி பிரேக், மக் ரங்" என்றார். முதலில் பிரேக், அப்புறம் பெயின்ட். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய உபதேசம் வேண்டாம். அன்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். செலவுகளை மூன்றாகப் பிரித்தேன்: நிற்பதற்கு, ஓடுவதற்கு, பார்வைக்கு.

நிற்பதற்கான செலவில் பேரம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். பிரேக்கின் ரப்பர் உறைகள் கசிந்தால் உடனே மாற்று. டயரில் பட்டன் மிச்சமிருக்கிறதா என்பதோடு வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டு 35-வது வாரம் செய்தது. ரப்பர் வெடித்த டயர், பட்டன் இருந்தாலும் வேண்டாம்.

ஓடுவதற்கான செலவு சின்னச் சின்னதுதான். வாரம் ஒருமுறை காற்று. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால், அதைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிக்கொண்டேன். மங்கலாக எரிந்த ஹெட்லைட்டுக்குப் புது விளக்கு வாங்கவில்லை. ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்ததில் பளிச்சென்று எரிகிறது. மழைக்காலத்துக்கு முன் கதவுகளின் அடியிலுள்ள நீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுவது என் வேலை. செலவே இல்லை, கதவு துருப்பிடிக்காது.

பார்வைக்கான செலவு, மிச்சமிருந்தால். சீட் கவர் 2011-ல் போட்டதுதான், இரண்டு இடத்தில் மனைவியின் தையலோடு.

"வித்துடுங்கப்பா" என்று பெங்களூரிலிருந்து பையன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 15 வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்; 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 வயது கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கும் நோட்டில் இருக்கிறது. தரைத் தகடு துருவில் உதிரத் தொடங்கினால் நானே கொண்டுபோய் உடைக்கக் கொடுத்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பாசத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். பின்சீட்டில் உட்காருவது நம் மனிதர்கள் அல்லவா?

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வண்டிக்குக் கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள்? யோசிக்க வேண்டியிருந்தால், நாளைக் காலையே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.