பரம்பரை ஏட்டின் களஞ்சியம்

உயிரின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் ஏட்டிலே ஏ, சி, ஜி, ரி என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது. மனிதனுடைய ஏட்டில் அவை ஏறக்குறைய 300 கோடி. அதனை முழுவதும் ஒரே மூச்சில் வாசிக்கவல்ல கருவி இல்லை. பெருவழக்கிலுள்ள கருவிகள் 150 எழுத்தளவான துண்டுகளாகவே வாசிக்கின்றன. பிழை நீங்கும்பொருட்டு ஒவ்வோரிடத்தையும் 30 முறை வாசிப்பின், ஒருவருக்கே 9,000 கோடி எழுத்துக்கள் சேரும். ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு மதிப்பெண்ணும் உடன் எழுதப்படும்.

இவ்வளவையும் எங்ஙனம் சேமிப்பது? இங்கிலாந்தில் ஹிங்ஸ்ரன் என்னுமிடத்திலுள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவகத்து அறிஞர் 2011ஆம் ஆண்டில் ஒரு வழியை வெளியிட்டனர். மனிதருக்கு மனிதர் வேறுபாடு ஆயிரத்துக்கு ஓரெழுத்தளவே. ஆதலின், பொதுப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, துண்டு அதில் எங்கே பொருந்துகிறது, எவ்வெழுத்தில் மாறுபடுகிறது என்பவற்றை மட்டும் குறித்தாற் போதும். 'கிராம்' என்னும் கோப்புமுறை இக்கருத்தினின்றும் எழுந்தது. சாம்ரூல்ஸ் முதலிய மென்பொருள்கள் அதனைக் கையாளுகின்றன.

ஆயினும், சிக்கனத்துக்கும் ஓர் எல்லையுண்டு. பொதுப் பிரதி தொலையுமாயின், அதனை நம்பிச் சுருக்கிய கோப்பை விரித்தல் இயலாது. மதிப்பெண்களே மிகுந்த இடங்கொள்வன. அவற்றைக் குறைத்தால் இடம் மிஞ்சும். ஆனால், பின்னொரு நாள் அரிய நோயொன்றின் காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு, கண்ட மாற்றம் நோயாளியின் உடலிலுள்ளதா, கருவியின் பிழையா எனத் துணிதல் அரிதாகும். எதனைக் காப்பது, எதனைக் கழிப்பது என்னும் முடிவு நோயாளியின் நலனையும் தொடுவதாகும்.