எழுபது வளைவுகளும் ஒரு சின்னக் காதும்

காரவள்ளியில் கொல்லிமலைச் சாலை ஏறத் தொடங்குகிறது. மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது போனோம். பதினோராவது பலகைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு அவளை எழுப்பியிருந்தோம். வழியில் பூரியும் கிழங்கும் வாங்கிக் கொடுத்திருந்தோம். அழாமல் வரட்டும் என்று கையில் செல்போனையும் கொடுத்திருந்தோம். அவள் வாந்தி எடுத்ததும், “மலை ரோடு, அப்படித்தான் இருக்கும்” என்று நாங்களே ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். தூக்கமின்மை, எண்ணெய்ச் சாப்பாடு, குனிந்து பார்க்கும் திரை ஆகிய மூன்றும் குமட்டலைத் தூண்டுபவை என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

கோடை விடுமுறை வந்தால் எங்கே தங்குவது, எத்தனை இடம் பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் கணக்குப் போடுகிறோம். கூட வரும் குழந்தையின் உடல் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பயணத்தில் வரும் அழுகை, அடம், வாந்தி, காது வலி ஆகியவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் அந்த உடலில்தான் இருக்கிறது.

காதிலிருந்து தொடங்கலாம். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பினால் அந்தத் திரவம் அசைந்து, “திரும்புகிறோம்” என்று மூளைக்குச் செய்தி போகிறது. அதை ஒட்டிய இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வண்டி வேகம் எடுப்பதையும் பிரேக் போடுவதையும் மூளை அறிவது அவற்றால்தான். ஒவ்வொரு வளைவிலும் குழந்தையின் காது “சுற்றுகிறோம்” என்கிறது. கண்ணோ செல்போன் திரையையோ முன் இருக்கையின் முதுகையோ பார்த்து “அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்” என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக முடிகிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். உட்செவியின் பங்கை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882லேயே கவனித்தார். காது கேளாதவர்களில் பலருக்குத் தலைசுற்றல் வருவதில்லை என்று அவர் எழுதினார். உட்செவியின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயண வாந்தி வருவதே இல்லை.

ஓட்டுநருக்கும் அநேகமாக வருவதில்லை. அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். இதைத்தான் நாம் குழந்தைக்கும் ஏற்பாடு செய்து தர வேண்டும். காரில் பின் இருக்கையில், பெல்ட் போட்டபடி, முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். பார்ப்பதற்கு வசதி என்று முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பேருந்தில் கடைசி வரிசை வேண்டாம், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. அடுத்த வளைவின் எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வால்பாறைச் சாலையில் 40, ஏற்காட்டுச் சாலையில் 20 என்று எண்ணிக்கொண்டே போகலாம். குழந்தையின் கண் சாலையில் இருக்கும், மனமும் விளையாட்டில் இருக்கும்.

வயதும் ஒரு கணக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. ஆறு, ஏழு வயதில் அதிகமாகி, ஒன்பது, பத்து வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் குறையத் தொடங்கும். பள்ளிச் சுற்றுலாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படும் பாட்டுக்கு இதுதான் காரணம். அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்து “இவ்வளவு பெரியவனாகிவிட்டாய், இன்னுமா?” என்று கேட்பது நியாயமில்லை. அந்த வயதில்தான் அதிகம் வரும்.

பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். இஞ்சி குமட்டலைத் தணிக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பயண வாந்திக்கு உறுதியான தீர்வு என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. ஆனாலும் இரண்டு துண்டால் தீங்கு ஏதும் இல்லை. மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பதில் அவ்வளவு பலன் இருக்காது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவற்றில் சில, சிறு குழந்தைகளின் மூச்சையே தடுக்கக்கூடியவை.

ஏறும்போது வயிறு என்றால் இறங்கும்போது காது. கீழே கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானலில் பந்து போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியும் அப்படி ஒரு சிறிய காற்றுப் பை. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. மலை ஏறும்போது உள்ளே உள்ள காற்று தானாகவே அந்தக் குழலைத் தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளியழுத்தம் கூடிக்கொண்டே போகும், குழலோ ஒட்டிக்கொள்ளும், செவிப்பறை உள்நோக்கி இழுபடும். விழுங்கினால், கொட்டாவி விட்டால்தான் குழல் திறக்கும். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குறுகலானது, கிட்டத்தட்ட படுத்தவாக்கில் இருப்பது. சளி பிடித்திருந்தால் இன்னும் மோசம். தூங்கும் குழந்தை அடிக்கடி விழுங்குவதில்லை. அதனால்தான் அடிவாரத்துக்கு வந்ததும் அது வீறிட்டு எழுகிறது. காரணம் தெரியாமல் பசி என்றும் பிடிவாதம் என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். மலையிறங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள்.

அடுத்தது தூக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்றும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை என்றும் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. “சூரிய உதயம் பார்க்கணும்” என்று நான்கு மணிக்கு எழுப்பிவிட்டு, இரவு பத்து மணிக்கு ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தால் அந்தக் கணக்கு எங்கே நேராகும்? புது இடத்தின் முதல் இரவுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத அறையில் முதல் இரவு தூங்கியவர்களின் இடப்பக்க மூளை வலப்பக்கம் அளவுக்கு ஆழ்ந்து உறங்காமல் சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தது தெரிந்தது. அது பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு. இருந்தாலும் தினம் ஒரு ஊர், தினம் ஒரு லாட்ஜ் என்று திட்டம் போடுவதற்கு முன் அதை நினைத்துப் பார்க்கலாம். ஒரே அறையில் மூன்று இரவு தங்குங்கள். வீட்டுப் போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், வீட்டு வாசனை கூடவே வரட்டும்.

நான்கு நாளில் பதினெட்டு இடம் காட்டிய பயணத்தைப் பெருமையாகச் சொல்பவர்களை எனக்குத் தெரியும். ஜெரோன் நவைன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. பயணம் போகவிருப்பவர்கள், போகாதவர்களைவிடப் புறப்படும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ‘மிகவும் நிதானமான பயணம்’ என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி சில நாள் நீடித்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, புறப்படுவதற்கு முந்தைய வாரங்களும் பயணத்தின் பகுதிதான். வரைபடத்தை விரித்து, எந்த ரயில், எந்த ஆறு என்று பிள்ளைகளிடம் பேசுங்கள். இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். ஆறு வயதுக் கால்களுக்கு அன்றைக்கு அதுவே அதிகம்.

கடைசி நாளையும் சும்மா விட்டுவிடக் கூடாது. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 நொடி, அதன் பிறகு நீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கியபடி மேலும் 30 நொடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, கூடுதல் நேரம் குளிரைத் தாங்க வேண்டியிருந்தும் பலர் அந்த நீண்ட முறையையே கேட்டார்கள். முடிவு எப்படி இருந்ததோ அப்படியே நினைவும் பதிகிறது. கிளம்பும் நாளன்று கடைவீதியில் அலைந்து, திட்டி, ஓடிப்போய் பஸ் பிடிப்பதைவிட, அரை நாளை மிச்சம் வைத்து, பிள்ளைகளுக்குப் பிடித்த ஓடையோரத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. அதற்குப் பிறகு நடந்தவை, பெற்றோர் அவற்றைப் பேசப் பேசப் பதிகின்றன. “அருவி நல்லா இருந்துச்சில்ல?” என்று கேட்டால் தலையாட்டல்தான் பதிலாக வரும். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது, “அங்கே உனக்கு எது பிடிச்சுது? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, அடுத்த விடுமுறைக்காக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.